உங்களுக்கு மட்டும்

நாற்பது வயது ஆகும்வரை ஷபீனாவுக்கு யார்மீதும் பெரிதாகச் சந்தேகம் வந்ததில்லை. பால்காரர் சொன்ன கணக்கைத் திருப்பிக் கேட்கமாட்டாள். ஆட்டோக்காரர் கொடுக்கும் மீதியை அப்படியே கைப்பையில் போட்டுக்கொள்வாள். "உன்னை ஏமாத்த யாரும் கஷ்டமே படவேணாம்" என்பார் கணவர் சௌகத் அலி. தாம்பரம் சண்முகம் சாலையில் அவருக்குப் பள்ளிக்கூடப் பை, சூட்கேஸ் விற்கிற கடை. அவர் நேர் எதிர். தெரிந்தவர் கொடுத்த நூறு ரூபாய் நோட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கல்லாவில் வைப்பார்.

ஷபீனா லேப் டெக்னீசியன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். காலையில் வரிசையில் நிற்பவர்களுக்கு ரத்தம் எடுக்க வேண்டும். கூட்டம் குறைந்த பிறகு மாதிரிகளை மெஷினில் ஏற்றி முடிவு பார்க்க வேண்டும். இரவு முறை வந்தால் அதையும் செய்வாள். அந்தக் கம்பெனிக்குக் குரோம்பேட்டையிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில்வரை கிளைகள் இருந்தன.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்: சம்பளம் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கிற விஷயம், வெளியே பேசக்கூடாது. அவளுக்கு அது ஒரு கட்டுப்பாடாகவே தோன்றவில்லை. அங்கே யாருமே பேசியதில்லை. ஹேமாவதியும் அவளும் பத்து வருடமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள். ஹேமாவுக்கும் அவள் மாமியாருக்கும் நடக்கிற சண்டை, ஷபீனாவுக்குக் கர்ப்பப்பையில் இருந்த கட்டி, யார் வீட்டில் எந்த நகை அடகில் இருக்கிறது என்பதெல்லாம் இருவருக்கும் தெரியும். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் ஒருத்தியை ஒருத்தி கேட்டதில்லை. அதைக் கேட்பது அநாகரிகம் என்று எப்படியோ இருவர் மனதிலும் பதிந்திருந்தது.

ஒரு நாள் ரிசெப்ஷனில் இருக்கும் பெண் லீவு. போன் விடாமல் அடித்ததால் ஷபீனா போய் எடுத்தாள். ஒரு வங்கியிலிருந்து பேசினார்கள்.

"ஆல்வின்னு ஒருத்தர் உங்ககிட்ட வேலை செய்றாரா மேடம்? லோனுக்கு அப்ளை பண்ணியிருக்கார். வெரிஃபிகேஷன்."

"ஆமா, செய்றார்."

"டெக்னீசியன்தானே?"

"ஆமா சார்."

"மாசம் முப்பத்தோராயிரம் கைக்கு வருதுன்னு போட்டிருக்கார். கரெக்டா?"

ஷபீனாவுக்குக் கைக்கு வருவது இருபத்திரண்டாயிரம். ஆல்வின் அவளுக்கு ஐந்து வருடம் பின்னால் சேர்ந்தவன். அதே படிப்பு, அதே மெஷின், அதே இரவு முறை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"கரெக்ட்தான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று முழுவதும் அவள் கம்பெனிக்காகத் தானே வாதாடிப் பார்த்தாள். லோன் கிடைக்கட்டும் என்று கூட்டிச் சொல்லியிருப்பான். இல்லாவிட்டால் பெட்ரோல் காசு சேர்த்திருப்பார்கள். ஆனால் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை ஆல்வினுடையது அல்ல. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். வாதம் ஒன்றும் நிற்கவில்லை. சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற டீக்கடையில் ஆல்வினைப் பிடித்தாள்.

"ஆல்வின், தப்பா நினைக்காத. உனக்கு முப்பத்தோராயிரமா?"

அவன் கையிலிருந்த கிளாஸை மேஜையில் வைத்தான். படிக்கட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாரு சொன்னாங்க அக்கா?" என்று கேட்டான்.

"யார் சொன்னா என்ன, உண்மையா?"

"அக்கா, ப்ளீஸ். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தங்கச்சி கல்யாணம் வேற இருக்கு."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஹேமாவைக் கேட்டாள். எத்தனையோ கேள்வி கேட்ட வாயிலிருந்து இந்த ஒரு கேள்வி வெளியே வரத் தயங்கியது. ஹேமா டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சாதத்தைக் கிளறிக்கொண்டே, "இருபத்தொண்ணு" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்து மேஜையை அஞ்சம்மாள் துடைத்துக்கொண்டிருந்தார். அனகாபுத்தூரிலிருந்து வந்து அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர். ஷபீனா ஆல்வின் விஷயத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஹேமா, "அப்படியா?" என்றாள், அவ்வளவுதான். கோபம் வரும் என்று எதிர்பார்த்த ஷபீனாவுக்கு அந்த 'அப்படியா' சப்பென்று இருந்தது.

ஒரு வாரம் போகவில்லை. கிளை மேனேஜர் சத்யநாராயணன் கூப்பிட்டனுப்பினார். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். எதிரே இருப்பவர் உட்காரும்வரை தானும் உட்காரமாட்டார்.

"ஸ்டாஃப்கிட்ட சம்பளம் பத்திப் பேசறீங்களாமே?"

"யார் சார் சொன்னது?"

"யார் சொன்னா என்னம்மா. நீங்க சீனியர். நீங்களே இப்படிப் பண்ணா எப்படி? அவங்கவங்க தகுதி, பொறுப்பு எல்லாம் பார்த்துத்தானே குடுக்கறாங்க?"

"எனக்கும் ஆல்வினுக்கும் வேலையில என்ன சார் வித்தியாசம்?"

அவர் சிரித்தார். "பாருங்க, அவன் ஒரு குடும்பத்தைத் தாங்கறவன். உங்க வீட்டுக்காரர்தான் கடை வச்சிருக்காரே." பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "சிங்கப்பெருமாள் கோவில் சென்டர்ல ஆள் பத்தலை. திங்கக்கிழமையிலிருந்து கொஞ்ச நாள் அங்க பாத்துக்கங்களேன்" என்றார்.

வெளியே வந்தபோது ஹாலில் எல்லோரும் வேலையாகத்தான் இருந்தார்கள். அவளுக்கு மட்டும், கதவு திறக்கிற சத்தம் கேட்டுத்தான் எல்லோரும் குனிந்துகொண்டார்கள் என்று தோன்றியது.

அவள் பேசியது இரண்டே பேரிடம். சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் செங்கல்பட்டு லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற நேரமெல்லாம் அந்த இரண்டு பேரையும் மனதுக்குள் மாற்றி மாற்றி விசாரித்தாள். வண்டலூர் வரைக்கும் ஆல்வின்தான் குற்றவாளி. பயந்தவன், தன் சம்பளத்தைக் காப்பாற்றிக்கொள்ள முந்திக்கொண்டு போய்ச் சொல்லியிருப்பான். கூடுவாஞ்சேரி தாண்டினால் ஹேமா. அவள் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை? அவள் கேட்ட நான்கு நாள் லீவு மட்டும் எப்படி உடனே கிடைத்தது? இறங்கும்போது அஞ்சம்மாள் நினைவுக்கு வருவார். அந்த மேஜையில் அப்படி என்ன அழுக்கு, அத்தனை நேரம் துடைக்க?

வீட்டில் சௌகத் அலிக்குச் சந்தேகமே இல்லை. "அந்தப் பையன்தான் போட்டுக் குடுத்திருக்கான். இதெல்லாம் நமக்கு எதுக்கு ஷபீனா? வர்றதை வாங்கினு இரு."

"உங்க கடையில ஒரு பையனும் ஒரு பொண்ணும் நிக்கறாங்களே, ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளமா?"

"அவன் பரண்மேல ஏறி மூட்டை இறக்குறான்."

"அவதான் வியாபாரம் முடிச்சுத் தர்றான்னு நீங்கதானே சொன்னீங்க?"

சௌகத் அலி டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அவளுக்கே பிடிக்காத ஒரு காரியத்தை அந்த மாதம் செய்தாள். கீழ்க்கட்டளையில் ஓர் ஆஸ்பத்திரியில் தன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஹேமாவிடம் போனில் சொன்னாள். வக்கீலைப் பார்க்கப்போவதாக ஆல்வினிடம் சொன்னாள். இரண்டுமே பொய். எது மேனேஜர் காதுக்குப் போகிறதோ அதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தாள். எதுவும் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமா வீட்டுக்கே வந்தாள், கையில் அரைக் கிலோ மைசூர்பாகுடன்.

"எப்ப சேர்ற? எங்க சித்தி கீழ்க்கட்டளையிலதான் இருக்காங்க. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்காம், பாக்கச் சொல்லட்டுமா?"

ஷபீனா, "இன்னும் முடிவாகலை" என்று சொல்லிவிட்டு டீ போடும் சாக்கில் சமையலறைக்குள் போனாள். வெட்கமாக இருந்தது. ஆனால் பால் பொங்குவதற்குள் இன்னொரு எண்ணமும் வந்துவிட்டது: ஒருவேளை இவள் உஷாராகிவிட்டாளோ? தனக்குள் இப்படி ஓர் ஆள் எங்கே ஒளிந்திருந்தாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

ஒரு வாரநாளில் லீவு போட்டுவிட்டுத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனாள். கணவரிடம் பல் டாக்டர் என்று சொல்லியிருந்தாள். அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண்; கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுதாகக் கேட்டார்.

"ஒரே வேலைக்கு ஆம்பளைக்கு ஒரு சம்பளம், பொம்பளைக்கு ஒரு சம்பளம்னு குடுக்கக்கூடாதும்மா. சட்டம் இருக்கு, இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. உங்க சம்பளத்தை நீங்க யார்கிட்ட சொன்னாலும் அது குத்தமில்ல. ஆனா வேலை ஒண்ணுதான்னு தெரியணும். நீங்க மட்டும் வந்தா, 'இந்தம்மா வேலை சரியில்ல, அதான் கம்மி'ன்னு சொல்லிடுவாங்க. மத்தவங்களையும் கூட்டிட்டு வாங்க. ஆம்பளைங்க யாராவது சொன்னா இன்னும் நல்லது."

"அவங்களுக்குக் கொறைச்சிட்டா மேடம்?"

"கொறைக்கக்கூடாது. சமமாக்கணும்னா கம்மியா வாங்கறவங்களுக்குத்தான் ஏத்தணும்."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது சிரிப்புத்தான் வந்தது. யாரை நம்பக்கூடாது என்று ஒரு மாதமாக முடிவுசெய்து வைத்திருந்தாளோ, அவர்களையேதான் கூட்டிவரச் சொல்கிறார்கள்.

அவள் யாரிடமும் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் நான்காம் நாள் சத்யநாராயணனே சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வந்தார். சென்டரைச் சுற்றிப் பார்த்தார், மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று விசாரித்தார். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டார்.

"உங்களுக்காக ஹெட் ஆபீஸ்ல பேசினேன். ஆறாயிரம் ஏத்தித் தர்றாங்க. அடுத்த மாசத்திலிருந்து. தாம்பரத்துக்கே வந்துடுங்க." குரலை இன்னும் இறக்கினார். "இது உங்களுக்கு மட்டும். ஹேமாவதிக்குக்கூடத் தெரியக்கூடாது."

ஒரு மாதம் முன்பு கேட்டிருந்தால் ஷபீனா மேனேஜருக்காக இறைவனிடம் துஆ செய்திருப்பாள். இப்போது அவள் காதில் விழுந்தது ஆறாயிரம் அல்ல. 'உங்களுக்கு மட்டும்' என்ற சொல்தான். அதை அவர் எத்தனை சுலபமாகச் சொன்னார்! முதல் தடவை சொல்கிறவர் சொல்வதுபோல் இல்லை. இவர் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்?

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" அவர் முகத்தில் முதல்முறையாக எரிச்சல் தெரிந்தது.

அன்று சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் ஆல்வினை வரச்சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "உனக்கு ஏத்தினப்போ சார் என்ன சொன்னாரு? வார்த்தை மாறாம சொல்லு."

அவன் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னான். "'இது உனக்கு மட்டும் ஆல்வின், சீனியர்ஸுக்குக்கூட இல்ல, தெரிஞ்சா என் தலைதான் உருளும்'னு சொன்னாரு. அதான்கா உங்க முகத்தைப் பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு."

"நீ அவர்கிட்ட என்னைப் பத்திச் சொன்னியா?"

"சத்தியமா இல்லக்கா."

அவன் சொன்னதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அங்கிருந்து நேரே ஹேமா வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே நின்று, ஆறாயிரம் விஷயத்தை முழுதாகச் சொன்னாள். ஹேமா முகம் மாறியது. உள்ளே மாமியார் இருந்ததால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

"ஷபீ, நான் உன்கிட்ட இருபத்தொண்ணுன்னு சொன்னது பொய். எனக்கு இருபத்தஞ்சு. போன வருஷம் ஏத்தினார். 'உங்களுக்கு மட்டும், ஷபீனாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்க'ன்னு சொன்னார். நீ வருத்தப்படக் கூடாதுன்னுதான்..."

"என்னைவிட அதிகமா?"

"ம்."

ஆல்வினுக்கு முப்பத்தொன்று என்று கேட்டபோது வராத ஒரு வலி, ஹேமாவின் இருபத்தைந்தைக் கேட்டபோது ஷபீனாவுக்கு வந்தது. அதை அவள் மறைக்கவில்லை. "பத்து வருஷமா ஒரே மேஜையில சாப்பிடறோம்டி" என்றாள். ஹேமா அழுதாள். பிறகு, "நான் போட்டுக் குடுக்கலை. அது மட்டும் நம்பு" என்றாள்.

"நம்பறேன்" என்றாள் ஷபீனா. முக்கால்வாசி நம்பினாள்.

சனிக்கிழமை மாதக் கூட்டத்துக்காக எல்லாக் கிளைக்காரர்களும் தாம்பரம் வருவது வழக்கம். மதியம் சாப்பாட்டு அறை நிரம்பியிருந்தது. ஷபீனா டப்பாவைத் திறக்காமல் எழுந்து நின்றாள். மேனேஜர் அறைக் கதவு பாதி திறந்துதான் இருந்தது. குரலைத் தாழ்த்தவில்லை.

"எனக்குக் கைக்கு இருபத்திரண்டாயிரம் வருது. சார் ஆறாயிரம் ஏத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கார், யார்கிட்டயும் சொல்லாதன்னு. நான் சொல்லிட்டேன். இனிமே என்னைப் பத்தி யாரும் போய்ச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

ஒருவர் மென்றதை அப்படியே நிறுத்திவிட்டார். குரோம்பேட்டைக் கிளைப் பெண் கதவைப் பார்த்தாள். ஒவ்வொருவரும் இன்னொருவர் முகத்தில் எதையோ தேடினார்கள். யார் யாரிடம் போய்ச் சொல்வார்கள் என்ற கணக்கு அந்த அறை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் வாயைத் திறந்தது, அந்த அறையில் யாரும் எதுவும் கேட்டிராத அஞ்சம்மாள்தான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இன்னாத்துக்கும்மா இப்டி முழிக்கிறீங்க? எனக்கு ஒம்போதாயிரம். சொன்னா நாக்கு அழுவிப் பூடுமா? வாட்ச்மேனுக்குப் பதிமூணு. அந்தாளு தூங்கிகினு கீறாரு, நான் பெருக்கிகினு கீறேன்" என்றார்.

யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஹேமா எழுந்தாள். "இருபத்தஞ்சு" என்றாள், இந்த முறை நிமிர்ந்து. ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லோரும் சொல்லவில்லை. இரண்டு பேர் டப்பாவை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். ஆனால் சொன்னவரையில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: மெஷினில் வேலைபார்க்கும் ஆண் ஒருவர்கூட முப்பதுக்குக் கீழே இல்லை, பெண் ஒருத்திகூட இருபத்தைந்தைத் தாண்டவில்லை. பெண்களுக்குள்ளேயும் ஒவ்வொருத்திக்கும் ஒரு விலை. ஒவ்வொருத்தியிடமும் அதே 'உங்களுக்கு மட்டும்'.

ஆல்வின் மூலையில் உட்கார்ந்திருந்தான். ஆண்களின் சம்பளத்தைக் கொறைக்கக்கூடாது என்று தொழிலாளர் துறை அதிகாரி சொன்னதை ஷபீனா அவனிடம் சொன்னாள். "வாயால சொன்னாங்களா அக்கா, எழுதிக் குடுப்பாங்களா?" என்று கேட்டான். அவனுக்கு அரசாங்கத்தின் மீதும் சந்தேகம். இரண்டு நாள் கழித்துத் தானே போய் அந்த அதிகாரியைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வந்த பிறகுதான், பெண்கள் சேர்ந்து அந்த அலுவலகத்துக்கு எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டான். 'நாங்களும் இவர்களும் செய்வது ஒரே வேலை' என்று எழுதிக்கொடுத்த ஒரே ஆண் அவன்தான்.

விசாரணை சுலபமாக நடக்கவில்லை. பெண்கள் இரவு முறை செய்வதில்லை என்று கம்பெனி சொன்னது. ஷபீனாவும் மற்றவர்களும் தாங்கள் இரவு பார்த்த நோயாளிகளையே சாட்சிக்குக் கூப்பிடுகிறோம் என்றதும் அந்தப் பேச்சு நின்றது. நடுவில் மனுவிலிருந்து மூன்று பேர் விலகினார்கள். அவர்களுக்கு ஏதோ கிடைத்திருக்கும் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையா என்று யாருக்கும் தெரியாது. சௌகத் அலி ஆரம்பத்தில் முணுமுணுத்தார். பிறகு விசாரணை நாளில் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டார். கடைப் பெண்ணின் சம்பளத்தைப் பற்றி அவள் மறுபடி கேட்டபோது, "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை.

முடிவில் மெஷின் வேலை செய்கிற பெண்கள் எல்லோருக்கும் ஆண்களுக்குச் சமமாகச் சம்பளம் ஏறியது. ஆல்வினுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. போன வருடங்களில் குறைத்துக் கொடுத்ததற்குக் கம்பெனி ஒன்றும் தரவில்லை; அது வழக்காக நடந்துகொண்டிருக்கிறது. அஞ்சம்மாள் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் என்று சொல்லி அவரை இதில் சேர்க்கவே மறுத்துவிட்டார்கள். அவருக்காக ஷபீனா தனியாக எழுதிய மனு எங்கேயோ கிடக்கிறது. சத்யநாராயணன் வேறு கிளைக்கு மாறிப் போனார். போகிற அன்று அவளிடம் வந்து, "நான் உங்களுக்கு நல்லதுதான் பண்ணப் பார்த்தேன்" என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பியிருக்கலாம்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. ஹேமாவும் அவளும் மறுபடி ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஹேமா ஏதாவது சொன்னால், அது உண்மையா என்று ஷபீனாவின் மனம் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறது. அது ஹேமாவுக்கும் தெரியும்.

ஷபீனா இப்போது சிங்கப்பெருமாள் கோவில் சென்டருக்குப் பொறுப்பு. சென்ற மாதம் ஒரு மத்தியானம் இரண்டு பெண்கள் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று வந்தார்கள். ரத்தம் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார்கள். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பாகங்களைச் சரிபார்க்கிற வேலையாம்.

"மேடம், நீங்கதானே அந்தச் சம்பள விஷயத்துல..." என்று ஒருத்தி இழுத்தாள்.

"யார் உங்களை அனுப்பினது?" என்று ஷபீனா கேட்டாள். கேள்வி அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

"யாரும் அனுப்பலை மேடம். கேள்விப்பட்டோம். அங்க யார்கிட்டயும் கேக்க பயமா இருக்கு."

ஷபீனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டையில் கம்பெனிப் பெயர் தைத்திருந்தது, அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தார்கள். உண்மையாக இருக்கலாம். யாராவது அனுப்பியும் இருக்கலாம். கதவுக்கு வெளியே ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. எனக்கு முப்பத்திரண்டாயிரம் வருது" என்றாள். "உங்களுக்கு எவ்வளவு?"